பின் அறைக்கு எட்டிய சிக்னல்

நாகஜோதிக்கு இருபத்தோரு வயதில் முகத்தின் இடது பாதி போயிற்று. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அறை வெடித்தபோது உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். உயிரோடு வந்தவள் இவள் ஒருத்திதான். காது, கன்னம், கழுத்து எல்லாம் வெந்து, இடது கையில் மூன்று விரல்கள் ஒட்டிப்போயின. நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்து பார்த்தார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அவளை எழுப்பி உட்கார வைத்தவன் அண்ணன் கதிரவன். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சாத்தூர் வீட்டு ஹாலில் போட்டு, தமிழ் டைப்பிங் பழக வைத்தான். ஒரே வருஷத்தில் நாகஜோதி ஏழு விரலால் தினசரிக் காலண்டர் முழுவதையும், ராகுகாலம் சந்திராஷ்டமம் உட்பட, பிழையில்லாமல் அடித்தாள். அச்சகத்து வேலை இன்டர்நெட்டில் வரும், இன்டர்நெட்டிலேயே திரும்பிப் போகும்.

ஹால் ஜன்னலுக்கு எதிரேதான் கம்பெனி வேன் வந்து நிற்கும். சாயங்காலம் இறங்குகிற பெண்களில் வேலுத்தாய் என்பவள் முன்பு இவளோடு வேலை பார்த்தவள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷமாவது பேசாமல் போகமாட்டாள். இருவரும் சிரிக்கிற சத்தத்தை நானே கேட்டிருக்கிறேன். நான் சங்கரலிங்கம், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன்.

2008இல் தங்கை பானுப்பிரியாவைப் பெண் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கதிரவன் என் கடைக்கு வந்தான்.

"ஜோதியப் பின்னால ரூம்புல போட்டுரலாம்ணே. ரெண்டு எடத்துல இருந்து வந்தாக. ரெண்டு பேருமே இவ மொகத்தப் பாத்துட்டு, ஜாதகம் சேரலன்னுட்டாக. ஒயர் இழுக்கலாம்னா செவத்தத் தொளைக்க வீட்டுக்காரர் விடமாட்டாரு. நெட்டு அங்க வைஃபையில கெடைக்கிற மாதிரி செஞ்சு குடுங்க."

மதுரையில் வாங்கிய ஒரு வைஃபை அடாப்டரையும் நீட்டினான். விரல் நீளம். அட்டைப்பெட்டியில் வேகம் 300 என்று பெரிதாகப் போட்டிருந்தது. பெட்டியில் என்ன போட்டால் என்ன, ஹாலில் இருக்கும் மோடம் பழைய ஜி வகை. அதன் 54க்கு மேல் ஒன்றும் நடக்காது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பின் அறைக்கும் ஹாலுக்கும் நடுவே மூன்று கல் சுவர். ஒரு கோடு சிக்னல் வரும், உடனே போகும். என் கடையில் கிடந்த இன்னொரு கார்டை மாட்டினேன். அதில் சிக்னல் தெரிந்தது, ஆனால் சேரவில்லை. மோடத்தில் போட்டிருந்த புதிய பாதுகாப்பு முறை அந்தப் பழைய கார்டுக்குத் தெரியாது.

நான் மேஜைக்கு அடியில் குனிந்திருந்தபோது நாகஜோதி பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"எட்டலன்னு சொல்லிருங்கண்ணே. இங்கன கொண்டாந்து போட்டா நான் அம்புட்டுதான். சோறும் உள்ளயே வந்துரும். வேலுத்தாய்கிட்டப் பேசக்கூட ஜன்னல் இல்ல, பாருங்க."

பார்த்தேன். கூரையை ஒட்டி ஒரு வென்டிலேட்டர், அதற்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சுவர். "பாக்கலாம்மா" என்றேன்.

எட்டவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றோடு முடிந்திருக்கும். கதிரவன் என்னை நம்புகிறவன், வேறு ஆளைத் தேடமாட்டான். ஆனால் எனக்கு ஒரு மண்டைக்கனம் உண்டு. ஓடாத ஒன்றை ஓட வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. இரண்டு நாள் அதே யோசனை. மோடத்தின் வகைக்கும் பாதுகாப்பு முறைக்கும் அவளுடைய விண்டோஸுக்கும் ஒத்துப்போகிற அடாப்டர், ஆன்டெனாவைக் கழற்றி மாட்டக்கூடியதாகத் தேடிப் பிடித்தேன். நீள ஒயரில் ஆன்டெனாவைப் பின் அறை வாசல் நிலைக்கு மேலே ஏற்றி வைத்ததும் ஐந்து கோடும் பச்சையாக எழுந்து நின்றன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெட்கங்கெட்ட சந்தோஷம். கதிரவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நாகஜோதி அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

பானுப்பிரியாவுக்குத் தை மாதம் இருக்கன்குடிக் கோயிலில் கல்யாணம். நாகஜோதி வரவில்லை. கேட்டதற்கு, காலண்டர் வேலை அதிகம் என்றார்கள். வருஷம் பிறந்த பிறகு தை மாதத்தில் எவன் காலண்டர் அடிக்கிறான்? சிவகாசிப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த பொய் அது. அங்கே ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை, நானும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கல்யாணம் முடிந்தும் அவளை ஹாலுக்குக் கொண்டுவரவில்லை. "சம்பந்தகாரவுக வந்து போற வீடு. அங்கன நல்லாத்தான ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்று கதிரவனின் மனைவி செல்வலட்சுமி கேட்டதாகச் சொன்னார்கள். ஜன்னலில் வந்து கூப்பிட்டுப் பார்த்த வேலுத்தாயும் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டாள்.

சித்திரையில் இடி விழுந்து மோடம் கருகிப்போனது. புதியதை எடுத்துக்கொண்டு போனேன். ஹாலில் கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் சோபா கிடந்தது. உள்கதவு சாத்தியிருந்தது.

"ஜோதி ரூம்புக்குள்ள போகணுமாண்ணே?" என்று கேட்டாள் செல்வலட்சுமி. எனக்கும் கதவுக்கும் நடுவேதான் நின்றாள்.

ஆமாம் என்றால் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். ஒரு வருஷமாக நாகஜோதியைப் பார்க்காத எனக்கு அது ஒன்றுதான் வழி. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"வேண்டாம்மா. பழைய வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே போட்டுட்டா அது தானா சேந்துக்கிரும்."

தொழில் தெரிந்தவன் அல்லவா, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியுமா? செருப்பைக் கழற்றி என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சொன்ன வார்த்தையை மாற்றிச் சொல்லவும் துணிச்சல் வரவில்லை. என் லேப்டாப்பை ஒயரில் மாட்டி, பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அரை நிமிஷத்தில் வைஃபை இணைப்புப் பட்டியலில் ஒரே ஒரு பெயர் வந்தது. நாகஜோதி.

"கெடைச்சிருச்சா?" என்றாள் செல்வலட்சுமி.

"கெடைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.