கண்ணாடியை மோந்து பார்க்கிறவர்

ஆட்காட்டி விரலால் கண்ணாடியின் மேல் ஒரு கோடு இழுப்பார். அந்த விரலை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். "தேயில வாசம் வருது. இந்த நெரய இன்னைக்கே கழுவணும்" என்பார். அடுத்த வரிசைக்குப் போய் அங்கும் ஒரு கோடு, அங்கும் ஒரு மூச்சு. "இது வெறும் தூசி. நாளைக்குப் பாத்துக்கலாம்." இப்படிப் பதினாறு வரிசைச் சூரியப் பெனல்களையும் மோந்து முடித்த பிறகுதான் ஜீவராணி அக்கா வாளியைத் தூக்குவார்.

இது பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கூரை. தோட்டத்தார் தொழிற்சாலையை இஸ்டோர் என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் தகரக் கூரை முழுக்கப் பெனல் பதித்தார்கள். கழுவ ஆள் வேண்டுமென்றதும் ஜீவராணியை அனுப்பினார்கள். அவர் கெட்டிக்காரி என்பதற்காக அல்ல, அவர் கழுத்துக்காக. இருபத்தாறு வருடம் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலை ஏறி இறங்கியதில் கழுத்தெலும்பு தேய்ந்துபோயிருந்தது. இனித் தலையில் பாரம் ஏற்றக் கூடாதென்று டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எப்போதும் மடியில் வைத்திருப்பார். கூரை வேலை இருக்கும் வரை கழுத்து தப்பும். அது போனால் மறுபடி மலை, மறுபடி கூடை. வேலையே வேண்டாமென்று லயத்து வீட்டில் உட்கார்ந்துவிட முடியாது. மகள் அனுஷ்கா உயர்தரம் படித்துக்கொண்டிருக்கிறாள்.

கூரைக்குப் போனவர் மலையையும் கூடவே கொண்டுபோய்விட்டார். பெனல் வரிசைகளுக்கு அவர் வைத்த பெயர் நெர. கொழுந்து பறிக்கப் பிரித்துக் கொடுக்கும் செடி வரிசையைத்தான் மலையில் அப்படிச் சொல்வார்கள். சேலை நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொள்வார். செடியின் மேல் வைத்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பின் நுனியில் பழைய சேலைத் துண்டைக் கட்டி, அதுதான் துடைப்பம். செருப்பு ஏணியடியிலேயே நின்றுவிடும். நடக்க விட்டிருக்கும் இடைவெளியை விட்டு ஒரு விரற்கடை விலக மாட்டார். "கண்ணாடி மேல காலு படக் கூடாது தம்பி. சூரியன் வந்து ஒக்கார்ற எடம்" என்று என்னிடம் சொல்வார்.

விடியலில் ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்பும் பெரட்டுக்குப் போகும் பெண்கள் கீழிருந்து வம்பிழுப்பார்கள். அதில் சண்முகவடிவு என்பவருக்குத்தான் தொண்டை பெரிது.

"என்னாடி ஜீவராணி, கூர மேல ஏறினதும் தொரசாணி ஆகிட்டியா? கண்ணாடி பாத்து சிங்காரிச்சிக்கிட்டு இருக்க?"

"எனக்கு இல்லடி, சூரியனுக்கு! அவரு மூஞ்சி பாக்குறதுக்குத் தொடச்சி வக்கிறேன். ஒன் மூஞ்சிய காட்டிறாத, வெடிச்சிரும்."

பனி விலகுவதற்குள், கண்ணாடி ஈரமாக இருக்கும்போதே கழுவி முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

நான் யாரென்பதையும் சொல்லிவிட வேண்டும். வட்டவளைப் பக்கத்து லயமொன்றில் பிறந்தவன். கொழுந்து பறித்த அம்மாவின் மகன். எங்கள் தோட்டத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன், பௌதிகவியலில். அப்போது கோயிலடியில் என் படத்தைப் போட்டு, "பி.எஸ்சி. விஜிதரன்" என்று கொட்டை எழுத்தில் பெனர் கட்டினார்கள். ஒரு மாரியில் அது கிழிந்து போயிற்று. என் தலைக்குள் மட்டும் வெகுநாள் கிழியாமல் நின்றது. பெனல் பதித்த கம்பனியில் தொழில்நுட்ப உத்தியோகத்தன் வேலை கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு நாள் வந்து மின்சார உற்பத்தியைப் பரிசோதிப்பது என் பொறுப்பு.

கூரையில் வேறு யாரும் இல்லாததால் அக்காவுக்குத்தான் என் பிரசங்கம். "ஒலகம் பூரா இப்ப இதுதான் அக்கா. பாலைவனத்துல மைல் கணக்கா விரிச்சிருக்காங்க. தண்ணி மேல மெதக்க விட்டிருக்காங்க. சீனாவுல மலைமலையா கண்ணாடி." வருடத்துக்கு வருடம் உலகத்தில் சூரிய மின்சாரம் ஏறுவதைக் காட்டும் கோட்டையும் போனில் காட்டினேன். கையைப் படங்கில் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"யாத்தே, இறம்பொட ஏத்தம் மாதிரில்ல நிமிந்து போகுது." சற்று யோசித்தார். "அப்ப அங்கயெல்லாம் யாரு தம்பி கழுவுறாங்க?"

அந்தக் கேள்வியை எந்த விரிவுரை மண்டபத்திலும் நான் கேட்டதில்லை. "நெறைய எடத்துல மெசின் கழுவும் அக்கா."

"மெசினுக்கு மூக்கு இருக்கா?"

நான் சிரித்தேன். நல்ல பகிடியென்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் உற்பத்தி விழத் தொடங்கியது. வெயில் குறையவில்லை, இயந்திரத்தில் பழுதில்லை, ஆனால் வாரத்துக்கு வாரம் எண்கள் இறங்கின. கம்பனி அறிக்கை கேட்டது. என் பெயரும் பட்டமும் போட்டு நான் எழுதப்போகும் முதல் அறிக்கை.

அக்கா ஏற்கெனவே காரணம் கண்டுபிடித்திருந்தார். தேயிலை சலிக்கும் அறையின் காற்றாடியைக் கிழக்குப் பக்கமாக மாற்றியதிலிருந்து, சலிக்கும்போது பறக்கும் பஞ்சு போன்ற தூள் கூரைக்குத்தான் வருகிறது. பனி ஈரத்தில் அது பசை போல ஒட்டிக்கொள்கிறது. "நான் ஒருத்தி கழுவி மாளல தம்பி. காத்தாடிய திருப்பச் சொல்லுங்க." சொல்லிவிட்டு விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மோந்து பாருங்க."

மலையில் கங்காணி வந்து நின்றால், பறித்த கொழுந்தை உள்ளங்கையில் விரித்து நீட்டுவார்கள். முற்றிய இலை கலந்திருக்கிறதா, அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று. அக்கா நீட்டியது அப்படித்தான். வேலையைக் கையில் வைத்துக் காட்டினார். என் அம்மா அப்படி நீட்டுவதை நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

நான் அந்த விரலைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கருவியைத்தான் பார்த்தேன். "கரண்ட மூக்கால அளக்க முடியாது அக்கா."

அவர் சிரித்தார். விரலைப் படங்கில் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

கண்ணாடிகளின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரிந்தன. அவற்றைப் படம் எடுத்தேன். மட்டக்கம்பையும் படம் எடுத்தேன். "பயிற்சியற்றவர் தடியால் துடைப்பதால் கண்ணாடியில் கீறல் விழுந்து உற்பத்தி குறைகிறது, இயந்திரம் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரிடம் கழுவும் வேலையைக் கொடுக்கலாம்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அழகான ஆங்கிலம். கூட்டத்தில் தோட்டத்து முகாமையாளரான பெரிய தொரை என் தோளில் தட்டி, தோட்டத்துப் பிள்ளை ஒருவன் இப்படி எழுதுவது பெருமை என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசி நாள் அக்கா ஏணியால் இறங்கி வந்தார். கம்பிலிருந்து துணியை அவிழ்த்துப் பிழிந்து மடித்தார். செருப்பைப் போட்டுக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

"நான் எங்கயாச்சும் கீறிட்டேனா தம்பி?"

"ஒங்க பிழ இல்ல அக்கா. கம்பனி எடுத்த முடிவு."

அவர் தலையாட்டினார். மறுநாள் பெரட்டில் நின்றார்.

ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மாதத்துக்கு ஒருமுறை, உச்சி வெயிலில் வந்து வேகத் தண்ணீரை அடித்துவிட்டுப் போவார்கள். முதல் தடவை அவர்கள் போன பிறகு கூரைக்குப் போனேன். கண்ணாடிகள் பளிங்கு போல இருந்தன. ஒரு கோடு கூட இல்லை. நான் கீறல் என்று எழுதியது, துடைத்த பசை காய்ந்த தடம். நகத்தால் சுரண்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மூன்றாம் நாள் எண்கள் மறுபடி விழுந்தன. டீமேக்கர் அலோசியஸ் ஐயாவிடம் போய்க் கேட்டேன்.

"காத்தாடிய மாத்தினதில இருந்து பஞ்செல்லாம் மேலதானே போகுது," என்றார் அவர். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஜீவராணி ஒங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை என்றேன்.

அறிக்கையைத் திருத்த ஒரு பக்கம் போதும். இரண்டு மாதம் நான் அதை எழுதவில்லை. இஸ்டோருக்கு வரும் நேர்ப் பாதை நாலாம் நம்பர் மலை வழியாகப் போகிறது. அங்கேதான் அக்காவுக்கு நெர. நான் ஆற்றோரமாகச் சுற்றி வரப் பழகினேன். ஆனால் மலையிலிருந்து கூரை தெரியும். கூரையில் நிற்கும் நானும் தெரிவேன்.

"தம்பீ! எட்டாம் நெர மங்கிக் கெடக்கு, பாருங்க!"

போனைத் திறந்து பார்ப்பேன். எட்டாம் வரிசைதான் விழுந்திருக்கும். கையை மட்டும் உயர்த்துவேன். அவர் இடது கையைத் தலைக் கயிற்றுக்குள் கொடுத்து, அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடியே வலது கையால் பறித்துக்கொண்டிருப்பார். இரண்டு கையாலும் பறிக்கிறவர்களின் நடுவே அது தூரத்திலிருந்தே தெரியும்.

ஓகஸ்டில் ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அகப்பட்டுக்கொண்டேன். "என்னா தம்பி, ஆளக் காணோம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அக்காதான் என்று நினைத்தேன், கேட்டது சண்முகவடிவு. அந்தச் சத்தத்துக்கு அக்காவும் என் பக்கம் திரும்பினார். கழுத்து திரும்பவில்லை. கால்களை எடுத்து வைத்து, இடுப்போடு, முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார்.

அந்த வாரமே திருத்தத்தை எழுதிக் கொடுத்தேன். கீறல் இல்லை, காரணம் காற்றாடி, அதை முதலில் சொன்னவர் ஜீவராணி, அவர் தினமும் விடியலில் கையால் கழுவியதே சரியான முறை, நான் எழுதியது பிழை. பெரிய தொரை இம்முறை தோளில் தட்டவில்லை. காற்றாடியைத் திருப்பலாம் என்றார். ஒப்பந்தம் டிசம்பர் வரை இருக்கிறது, பிறகு பார்ப்போம் என்றார். டிசம்பர் வரை என்றால் இன்னும் நாலு மாதம் கூடை.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி. நீங்க மொதல்ல எழுதினத அலோசியஸ் ஐயா அப்பவே வாசிச்சுக் காட்டினாரு."

"அப்பவே தெரிஞ்சா, ஏன் அக்கா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

சுளகு நின்றது. "கேட்டேனே தம்பி. கீறிட்டேனான்னு கேட்டேனே."

உள்ளே அனுஷ்கா எதையோ உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா சுளகைச் சுவரில் சாத்திவிட்டு எழுந்தார். "வாங்க, காத்தாடி திருப்பினாங்களான்னு பாத்துட்டு வருவோம்" என்று முன்னால் நடந்தார்.

ஏணியடியில் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். கிழக்குப் பக்கத்து முதல் வரிசையில் ஆட்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். பிறகு கால்களை எடுத்து வைத்து, முழு உடம்போடு என் பக்கம் திரும்பி, அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் குனியும் வரை அதை மடக்கவில்லை.