பிடிமண்ணு

எங்க வூட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துடுச்சு. குளிப்பாட்டறது, தூக்கி ஒக்கார வைக்கிறது, சோறு ஊட்டறது எல்லாம் நாந்தான். செத்தேன் போங்க. சிமெண்டு லாரி ஓட்டுன மனுசன், கனம் கொஞ்சமா? அமுக்கிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில ரப்பர் பந்து ஒண்ணு குடுத்தாங்க. "நான் என்ன பச்சப்புள்ளையா?"ன்னு எடது கையால விட்டெறிஞ்சாரு. கட்டிலுக்கடியில கெடந்தத குனிஞ்சு எடுக்க எனக்குத் தெம்பில்ல. அந்த மனுசன் தன் கையால ஒரு வாய் அள்ளித் தின்னா போதும், வேற ஒண்ணும் வேணாம்னு இருந்துச்சு.

என் நாத்தனார் வந்தா. அண்ணன் கை நல்லானா அய்யனாருக்கு மண்ணுல கை செஞ்சு வைக்கிறதா நேந்துக்கிட்டேன், செய்யறவங்ககிட்ட இப்பவே சொல்லி வைங்கன்னா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவ பஸ் ஏறிப் போயிடுவா, அலையறது யாரு? ஆனா சாமி காரியத்த எப்புடித் தட்டுறது? எங்க கொல்லையில மண்ணள்ளி, கேரிபேக்ல கட்டிக்கிட்டு, மீன்சுருட்டிப் பக்கம் சாமி உரு செய்யற வேளார் வூட்டுக்குப் போனேன்.

வேளாரம்மா பையத் தொடவே இல்ல. "என்னங்க இது, கறிகாய் மாதிரி கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க? யாரு கைக்கு நேந்ததோ அவங்க அந்தக் கையால அள்ளிக் குடுக்கற பிடிமண்ண வாங்குனாத்தான் நாங்க வேலையில ஒக்காருவோம்."

"அந்தக் கைதாங்க வெளங்கல!"

"மெதுவா வரட்டும். மண்ணு எங்க போயிடப் போவுது?"

பஸ்ஸுல வரப்ப அழுதுட்டேன்.

வூட்டுக்கு வந்து, "எடது கையால குடுத்துத் தொலைங்க, அந்தம்மா கால்ல விழுந்தாவது வாங்கிக்கச் சொல்றேன்"னேன். மொறச்சாரு. "சாமிக்கு எடது கையா?" வாய் கோணுனாலும் வார்த்த நல்லாவே புரிஞ்சுது.

மறுநாள் அந்த மண்ணக் கேட்டாரு. தாம்பாளத்துல கொட்டி மடியில வச்சேன். எடது கையால வலது கை வெரல ஒவ்வொண்ணா மடக்குவாரு, தூக்குவாரு, எல்லாம் கொட்டிடும். கட்டிலெல்லாம் மண்ணு. போர்வைய ஒதறி ஒதறி என் முதுகு ஒடிஞ்சுது. "இதுக்கு அந்தப் பந்தையே அமுக்கியிருக்கலாமே"ன்னு கத்துனேன். நிமிந்துகூடப் பாக்கல. மாசக்கணக்குல இதே கூத்து.

கடைசியா ஒரு நாள் ஒரு பிடி கையில நின்னுச்சு, ஆட்டோ வச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன். வேளாரம்மா ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு எதிர்ல நின்னுச்சு. இவரு கை நடுங்கி நடுங்கிப் போறதுக்குள்ள பாதி மண்ணு சிந்திடுச்சு. மிச்சம் அந்தம்மா கையில விழுந்துச்சு. அதக் கண்ணுல ஒத்திக்கிட்டு உள்ள போயிடுச்சு. அவ்வளவுதான், வேற பெருசா ஒண்ணும் நடக்கல.

மத்தியானம் வூடு வந்து சோத்தப் பெசஞ்சு அவரு முன்னால வச்சேன். ஊட்டறதுக்கு முன்ன ஒரு நிமிசம்னு செவுத்துல சாஞ்சவ அப்படியே அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா வேட்டியெல்லாம் சோறு, தாடியில கொழம்பு, வலது கை பூரா பருக்கை. தட்டு காலி.

"ஐயய்யோ, என்னை எழுப்பக் கூடாதா?"

"தூங்குனியே"ன்னாரு.

வாயப் பொத்திக்கிட்டு அழுதேன். சிந்துனதக் கூட்டலாம்னு எந்திரிச்சேன். "கெடக்கட்டும், படு"ன்னாரு. அங்கேயே படுத்துத் தூங்கிட்டேன்.