திரைக்கு முதுகு காட்டி வாசித்தவர்

சவரியப்பனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. குத்தாலம் பக்கத்தில் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவர். மாதா சப்பரமோ கல்யாணமோ சாவோ, ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தே பழகியவர். வாசித்ததைப் பிடித்துவைத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப் பெடல் ஒன்றை வாங்கிவந்து, தனியாளாகவே நான்கு டிரம்பெட் வாசிப்பதுபோல் பழகிக்கொண்டிருந்தார்.

2018இல் அம்சவல்லி அவரைத் தேடி வந்தாள். கூலி வேலை செய்தவர்களின் மகள். தஞ்சாவூரில் படித்துவிட்டுக் கேமராவும் கையுமாகத் திரிந்தவள். எரிவாயுக் குழாய் பதிக்க, பால் பிடித்து நின்ற சம்பா பயிருக்குள் பொக்லைன் இறங்கியதைப் படம் பிடித்திருந்தாள்.

"நீங்க வாசிக்க வாசிக்க நான் அங்கயே படத்த மாத்திக்கிட்டே இருப்பேண்ணே. ரெண்டும் ஒண்ணா நடக்கணும்" என்றாள்.

முதல் நிகழ்ச்சி காலியாகக் கிடந்த ஒரு நெல் கிடங்கில். முடிந்ததும் ஜனங்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு கரைவேட்டிக்காரர் இவரிடம் வந்து, "அந்தப் பொண்ணோட படத்துக்கு நீங்கதான் பின்னணியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பின்னணி! முப்பது வருடமாக ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தவருக்கு அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. பேப்பரில் அவள் படம் வந்தபோது, அவள் பெயர் வரும் பத்தியை மட்டும் நாலைந்து தடவை படித்தார்.

தஞ்சாவூரில் ஒரு மண்டபம். பகல் நிகழ்ச்சி, சன்னல்களை அடைத்திருந்தார்கள். நடுவில் சவரியப்பன் புரொஜெக்டர் வயரைக் காலால் இழுத்துவிட்டார். இருட்டு. இப்போது அவர் வாசிப்பு மட்டும்தான். உயிரைக் கொடுத்து வாசித்தார். கூட்டமோ திரும்பிப் புரொஜெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லாரும் போனபின் அம்சவல்லி வந்தாள். "நீங்க இழுத்தத நான் பாத்தேன்."

அவர் டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"ஏண்ணே?"

"என்னை யாரும்மா பாக்குறா? எல்லாரும் உன்னோடதத்தான பாக்குறாங்க."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

இல்லை. ஒவ்வொரு தடவையும் திரைக்கு முதுகு காட்டித்தான் வாசித்திருந்தார். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கிடங்கில் பதிவான நிகழ்ச்சியை ஓடவிட்டாள்.

பச்சைப் பயிர்மேல் இரும்புப் பல் இறங்கியது. வரப்பில் உட்கார்ந்திருந்த வயல்காரி ராசம்மாள் எழவே இல்லை. டிரம்பெட் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் அவள் முகம் வந்தது. வாசிப்பு தொடங்கியதும் மறைந்தது. தன் மூச்சை இவ்வளவு கவனமாக ஒருத்தி கேட்டிருக்கிறாள் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் பொறாமை குறையவில்லை, கூடியது. தன்னால் இப்படிக் கேட்க முடிந்ததில்லையே!

"நல்லாருக்கு" என்று சொல்ல வாய் வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்" என்பது மட்டும் வந்தது.

"அடுத்த மாசம் திருக்கடையூர்ல கூப்பிட்டிருக்காங்க. வருவீங்களா, மாட்டீங்களா?"

"வரேன். ஆனா பக்கவாட்டுல நிக்கிறேன். எனக்கும் படம் தெரியணும்."

அதன்பின் பதினோரு ஊர்களில் சேர்ந்து நிகழ்ச்சி நடத்தினார்கள். கைதட்டல் அவளுக்கு அதிகமா தனக்கா என்று சவரியப்பன் ஒவ்வொரு ஊரிலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.