ஓடுகிற மாட்டுக்குத் தீனி

கம்பஞ்சோறு போட்டு வைத்த பித்தளை வட்டல் சமையல்கட்டுச் சுவரில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எறிந்தது அண்ணன். குறி வைத்தது அண்ணியின் தலைக்கு. அவள் சட்டென்று குனிந்துகொண்டதால் சுவரில் பட்டுக் காரை பெயர்ந்தது. சோறும் கொள்ளுப் பருப்பும் சுவரோடு அப்பி வழிந்தன. அண்ணி அழுதுகொண்டே வட்டலை எடுத்துத் துடைத்தாள் என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் அண்ணியைத் தெரியாது. எடுத்த வேகத்தில் திருப்பி எறிந்தாள். அதன் விளிம்பு அண்ணனின் நெற்றியைக் கிழித்தது. புருவத்தில் ரத்தம் இறங்க அவனும், முந்தானையை இடுப்பில் செருகியபடி அவளும் மூச்சிரைக்க நின்றார்கள். கல்யாணமாகி இரண்டாம் வருசம். அண்ணி அப்போது மாசமாக இருந்தாள். வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. சோறு தின்ன மாட்டேன் என்று அண்ணன் பிடித்த பிடிவாதத்தால் வந்த சண்டை அது.

அறுபதுகளின் கடைசி என்று நினைவு. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைத்துக்கொண்டிருந்த காலம். அண்ணன் ஒரு கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டினான். அதே கம்பெனியில் நான் பனியனில் பிசிறு வெட்டி மடித்துக் கட்டும் வேலையில் இருந்தேன். எங்களுக்கு இளையவன் தம்பி. அண்ணனும் தம்பியும் கம்பெனியின் சடுகுடு அணியில் ஆடினார்கள். அதற்கு முந்திய வருசம் முருகன் கோயில் திருவிழாவில், எங்கள் பேச்சில் சொன்னால் நோம்பியில், நடந்த ஆட்டத்தில், மேற்கே விசைத்தறி ஓட்டும் ஊரிலிருந்து வந்த அணியோடு மோதினார்கள். அந்த அணியில் ஒருவன் இருந்தான். அவன் பெயர் இங்கே எதற்கு, தறிக்காரன் என்றே சொல்கிறேன். சடுகுடு பாடிக்கொண்டு அவர்கள் பக்கம் போன தம்பியின் காலைப் பிடித்தான். தம்பிக்கு மூச்சு விட்டுப்போய் ஆட்டம் முடிந்த பிறகும் விடவில்லை. முழங்காலைத் திருகினான். பச்சை மூங்கில் முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். தம்பியின் கால் அதற்குப் பிறகு நேராகவில்லை. இருபது வயசுப் பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போவதை தினமும் பார்த்தால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? அடுத்த நோம்பியில் அவன் காலை ஒடிப்பேன் என்று அண்ணன் கோயில் வாசலில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தான்.

அந்தச் சத்தியத்துக்கு ஒரு தடை வந்தது. பெரிய உடம்புக்காரர்கள் சின்னவர்களை முறிக்கிறார்கள் என்று நோம்பிக் கமிட்டியார் புதுச் சட்டம் போட்டார்கள். பருத்தி மண்டியிலிருந்து மேடைத் தராசைக் கொண்டுவந்து ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக நிறுப்பார்களாம். குறித்த எடைக்கு மேலே போனவன் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். தறிக்காரன் ஒல்லி, அவனுக்குக் கவலையில்லை. அண்ணனோ கல்யாணமானதிலிருந்து விருந்துச் சோறும் பணியாரமும் தின்று தொப்பை வைத்திருந்தான். கம்பெனி நூல் கிடங்குத் தராசில் ஏறிப் பார்த்தபோது சட்டத்துக்கு வெகுதூரம் மேலே இருந்தான். அடிதடியைத் தடுக்கப் போட்ட சட்டம் எங்கள் வீட்டுக்குள் அடிதடியைக் கொண்டுவந்தது.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும், இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. அண்ணன் அந்தப் பழமொழியை மருந்துச் சீட்டாகவே எடுத்துக்கொண்டான். கொள்ளை வேகவைத்து, வெந்த கொள்ளைக் கோழிக்குக் கொட்டிவிட்டு, தண்ணீரை மட்டும் குடித்தான். காலையில் அது, மத்தியானம் அது, பொழுது சாயும்போதும் அதுவே. அதோடு விடிகாலையில் நொய்யல் கரையோரம் ஓட்டம். பகலெல்லாம் மெஷின் முன்னால் நிற்பது. வேலை முடிந்ததும் துணி வெளுக்கும் கொட்டகையில் பாய்லருக்குப் பக்கத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து வியர்ப்பது. அப்புறம் சடுகுடுப் பழக்கம். தராசில் எடை இறங்கத்தான் செய்தது. அதற்குக் குறைவில்லாமல் மனுசனும் இறங்கினான்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பதைப் பாடமாகப் படித்தவர்கள் உண்டு. நாங்கள் முதுகில் வாங்கிப் படித்தோம். நூல் அறுந்தால் அண்ணன் கூட நின்ற ஹெல்பரை அறைந்தான். தண்ணீர் சுடுகிறது என்று என்மேல் செம்பை வீசினான். ஒருநாள் பழக்க ஆட்டத்தில் பாடிப் போன அண்ணனுக்குப் பாதியிலேயே மூச்சு அறுந்தது. கோட்டைத் தொடுவதற்குள் நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். எழுந்ததும் அதில் ஒருவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கிக் குத்தினான். பனியன் மடிக்கும் பெண்கள் நாங்கள் அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். அந்தப் பையன் வாயிலிருந்து பல்லைத் துப்பினான். அண்ணன் நிறுத்தவில்லை. இழுத்துப் பிடித்தபோது கைகால் நடுங்கத் தரையில் உட்கார்ந்துவிட்டான்; அடித்தவன்தான் அடிபட்டவனைப்போல வெளுத்துப் போயிருந்தான். எனக்கு அன்றைக்கு என் அண்ணனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அண்ணி குன்னத்தூர்ப் பக்கம் ரேக்ளாப் பந்தயத்துக்கு மாடு வளர்க்கும் வீட்டில் பிறந்தவள். அந்தச் செய்தி கேட்டதும் சோற்றுத் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு நேரே பழகும் இடத்துக்கே போனாள். ஆண்கள் கூடியிருந்த இடத்தில் நடுவில் போசியை வைத்தாள்.

"ஏனுங்க, வெறும் கொள்ளுத் தண்ணியக் குடிச்சுட்டு ஓடுன மாட்ட எந்தூர்லீங்க பாத்தீங்க? எங்கூட்டுல மாட்டுக்கு வகுறு பெருத்துப் போச்சுன்னா சோளத்தட்டத்தான் கொறைப்போம். கொள்ளு, பருத்திக்கொட்டைத் தீனியில கை வெக்க மாட்டோமுங்க. ஓட உடறதுக்கு முன்னால கொஞ்சம் தீனி, ஓடி வந்து மேலுச்சூடு ஆறுனப்பறம் கொஞ்சம் தீனி. அதையும் நிறுத்துனா மாடு எளைக்காதுங்க, நொகத்தடியிலயே உளுந்துரும்."

"ஊர்முன்னால என்னைய மாடுங்கறயா புள்ள?"

"மாடா இருந்தாச் சொன்னாக் கேட்டிருக்குமுங்க."

அண்ணன் அறைந்தான். வயிற்றுப்பிள்ளைக்காரி என்றும் பார்க்கவில்லை. அவள் அந்தக் கையைப் பிடித்து ரத்தம் வரக் கடித்தாள். கூட்டம் விலக்கிவிட்டது. போசியைத் திரும்ப வீட்டுக்குச் சுமந்து வந்தது நான்தான். வட்டல் பறந்தது அன்றைக்குப் பொழுது சாய்ந்துதான்.

அதற்குப் பிறகு அதிக நாள் ஆகவில்லை. மெஷின் முன்னால் நின்றவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சரிந்தவன் ஓடுகிற பெல்ட்டின்மேல் கையை ஊன்றிவிட்டான். ஹெல்பர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியதால் கை தப்பியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்து தொங்கியது. வெள்ளை பனியன் துணியெல்லாம் சிவப்பு. அறைவாங்கிய அதே ஹெல்பர்தான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். கட்டுப்போட்டு வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்த அண்ணனுக்கு முன்னால் அண்ணி வட்டலை வைத்தாள். வலது கையைத் தூக்க முடியவில்லை. அவளே பிசைந்து ஊட்டினாள். வட்டல் காலியாகும்வரை தின்றான்.

வாய் பேசியது மறுநாள்தான். தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான், நானும் அங்கேதான் இருந்தேன். அண்ணி சொன்னாள்: "எடையும் எறங்கோணும், மூச்சும் நிக்கோணும், ரெண்டுக்கும் நான் பொறுப்புங்க. ஆனா ஒண்ணு. ஆட்டத்துல அவனைச் சாயுங்க, வேண்டாங்கல. காலத் திருகக் கூடாது. எம்புள்ளைக்கு அப்பன் வேணும். ஜெயில்ல களி திங்கறவன் வேண்டாம்." அண்ணன் சரி என்று அவள் கையில் அடித்துக் கொடுத்தான். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது பொய்ச் சத்தியம் என்று.

அண்ணி மாட்டுக்குப் பார்ப்பதுபோலவே அவனுக்குப் பார்த்தாள். அரிசிச் சோறுதான் இவனுக்குச் சோளத்தட்டு என்று அதை ஒரு கைப்பிடியாகக் குறைத்தாள். டீக்கடை போண்டா, பணியாரம், இரண்டாம் சோறு எல்லாம் ஒழிந்தன. ஓடப் போகுமுன் ராகிக் கூழ். ஓடி வந்து வியர்வை அடங்கியதும் கம்பஞ்சோறும் கெட்டியான கொள்ளுப் பருப்பும் முட்டையும். மத்தியானம் கீரை, மோர். பழக்கம் முடிந்து வந்தால் மறுபடி பருப்பு. பாய்லர்ப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்றாள். எடை முன்னைப்போல மளமளவென்று விழவில்லை. நின்று நிதானமாக இறங்கியது. இன்றைக்கு என் மருமகள் ஜிம்முக்குப் போய்வந்து பட்டினி கிடப்பதையும், போனைப் பார்த்து முட்டையில் மஞ்சளைத் தள்ளுவதையும் பார்க்கும்போது எனக்கு வாய் துறுதுறுக்கிறது. சொன்னால் "உங்க காலம் வேறீங்கத்தை" என்பாள். காலம் வேறுதான், வயிறு வேறில்லையே. அண்ணனின் கோபம் அடங்கியதைக் கண்ணால் கண்டவள் நான். ஹெல்பரிடம் மன்னிப்புக் கேட்டான். அண்ணியின் வயிற்றில் காது வைத்துக் கேட்டான். ஒரே ஒரு விசயத்தில் மட்டும் அவன் கொஞ்சமும் இளைக்கவில்லை. தம்பி தினமும் ஏதாவது சொல்லி அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான்.

நோம்பி வந்தது. தராசில் ஏறிய அண்ணன் சட்டத்துக்குள் இருந்தான். தறிக்காரன் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள். பெண்கள் நாங்கள் ஓரத்தில் அவிழ்த்துவிட்டிருந்த மாட்டு வண்டிகளில் நின்றோம். அண்ணியின் பிறந்த வீட்டு ரேக்ளா வண்டியும் அங்கேதான் நின்றது. ஆட்டம் ஆட்டமாகவா இருந்தது? ஒருவனுக்கு உதடு கிழிந்தது, ஒருவனுக்குத் தோள் இறங்கியது. அண்ணன் பாடிப் போனால் மூச்சு அறுந்துபோகவேயில்லை. மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்தான். அப்புறம் தறிக்காரன் பாடி வந்தான். அண்ணன் இதற்காகவே காத்திருந்தவன்போல அவன் கணுக்காலைக் கவ்வினான். தறிக்காரன் குப்புற விழுந்தான். மூச்சு விட்டுவிட்டான். விசில் ஊதியாயிற்று. அண்ணன் விடவில்லை. முதுகில் முழங்காலை ஊன்றி, அவன் காலைப் பிடித்துத் திருகத் தொடங்கினான். தறிக்காரன் மண்ணைக் கடித்துக்கொண்டு அலறினான். விலக்க வந்தவர்களை அண்ணன் ஒரு கையால் உதறித் தள்ளினான். அவ்வளவு பலம். அத்தனையும் அண்ணி போட்ட சோறு. எல்லையில் உட்கார்ந்திருந்த தம்பி தரையை அடித்து அடித்துக் கத்தினான்: "உடாதீங்ணா! ஒடிங்க! ஒடிங்க!"

அண்ணி வண்டியிலிருந்து குதித்தாள். நிறை வயிறு. வண்டியில் செருகியிருந்த சாட்டையை உருவிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போனாள். முதல் அடி அண்ணனின் வெற்று முதுகில் குறுக்காக விழுந்தது. இரண்டாவது தோளில். அவன் திரும்பிப் பார்த்தபோது மூன்றாவது முகத்திலேயே விழுந்தது. "ஓடறதுக்குத் தீனி போட்டேனுங்க! முட்டறதுக்கு இல்லீங்க!" புருசனைச் சாட்டையால் விளாசும்போதும் அவள் அந்த "ங்க"வை விடவில்லை என்று ஊரில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். அங்கே நின்ற யாரும் அப்போது சிரிக்கவில்லை. அண்ணனின் கை தளர்ந்தது. தறிக்காரனை நாலு பேர் இழுத்துப் போனார்கள். அண்ணன் மண்ணில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகு அவன் சடுகுடு ஆடவில்லை. பிறந்த பிள்ளையைத் தோளைவிட்டு இறக்கவுமில்லை.

தறிக்காரனின் கால் வெறும் வீக்கத்தோடு தப்பியது. அடுத்த நோம்பியில் அவன் மறுபடி ஆடினான். கோடு தாண்டி ஓடினான். தம்பி எல்லையில் உட்கார்ந்து அதைப் பார்த்தான். அன்றைக்கே அவன் அண்ணனின் வீட்டை விட்டுப் போய், சாமளாபுரத்தில் ஒரு தறிப் பட்டறையில் தறிக்கு நூல்தார் சுற்றும் வேலையில் சேர்ந்தான். அண்ணியோடு பேச்சில்லை. அவள் கையால் ஒரு பருக்கை தொடுவதில்லை என்று சொல்லி அனுப்பினான். வருசாவருசம் நோம்பிக்கு அண்ணி கொள்ளுப் பருப்பும் சோறும் கட்டி என்னிடம் கொடுத்துவிடுவாள். கட்டியது கட்டியபடி திரும்பி வரும். ஒருதரம் நான் கோபத்தில், "இத்தோட விடுங்கண்ணி, அவனுக்குத் திமிரு" என்றேன். "திமிரில்ல அம்மிணி. கால் போனது அவருக்குத்தான" என்றாள். அவள் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் தம்பி நடப்பதைப் பார்க்கும்போது அதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

அண்ணி கண்ணை மூடியது பல வருசம் கழித்து. அண்ணன் இருந்தான், அவன் கன்னத்தில் சாட்டைத் தழும்பும் இருந்தது. தம்பி வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வாய்க்கரிசி போடும் நேரத்துக்கு, கோலை ஊன்றி ஊன்றி ஒரு கிழவனாக உள்ளே வந்தான். கூட்டம் வழிவிட்டது. மடக்க முடியாத அந்தக் காலை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு, வலியோடு தரையில் உட்கார்ந்தான். எல்லோரும் நாலு அரிசி மணியைத் தொட்டுப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவன் கைநிறைய அள்ளினான். அப்புறம் குனிந்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோல அவள் உதட்டில் வைத்தான்.

"ஒரு வாய் சாப்புடுங்கண்ணி" என்றான்.