அண்ணன் கடைசியாக வைத்த புளியங்கொட்டை

அந்தக் கொட்டையின் எந்தப் பக்கம் மேலே இருந்தது? வெள்ளைப் பக்கமா, கறுப்புப் பக்கமா? அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இன்றுவரை இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. நினைவு மலருக்குத் தங்கை என்ற முறையில் நீ எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னபோது முதலில் மனத்தில் வந்து நின்றது இந்தக் கேள்விதான். இப்படித் தொடங்குவது முறையா என்றும் தெரியவில்லை. இரண்டு முறை அடித்துவிட்டு எழுதிப் பார்த்தேன், வேறு தொடக்கம் அமையவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்தே போகக்கூடிய எங்கள் ஊரில். சாமை விதைக்கும் கொல்லையும் ஏழு புளியமரங்களும்தான் குடும்பத்துக்கு ஆதாரம். அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஐந்து. அவர் படிப்பு அத்துடன் நின்றது. என்னைச் செங்கத்தில் விடுதியில் சேர்த்துப் பள்ளி இறுதி வரை படிக்க வைத்தார். விடுமுறை முடிந்து நான் திரும்பும்போதெல்லாம் என் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை வருவார். "நான் தூக்க மாட்டனா அண்ணா?" என்றால், "நீ உள்ள கீறத படி. பொட்டிய நான் பாத்துக்கறேன்" என்பார்.

பின்னர் மலைப்பொருள் வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தில் எடை போடும் வேலை கிடைத்தது. புளியும் கடுக்காயும் கொண்டு வருபவர்கள் தராசைப் பார்க்க மாட்டார்கள், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டே மூட்டையைக் கட்டுவார்கள். அந்த அளவுக்கு அவர்மேல் நம்பிக்கை.

அவர் வாழ்வில் சதுரங்கம் வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். ஆலங்காயத்தில் வாங்கிய வெல்லத்தைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் ஒரு சதுரங்கப் புதிர் இருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் போய் விதிகளைக் கேட்டுக்கொண்டார். ஆறே மாதத்தில் ஆசிரியரை வென்றார். அதன் பிறகு யாருடனும் ஆடவில்லை. "ஒருத்தர தோக்கடிச்சா அவுரு மூஞ்சி வாடிப் பூடுது. புதிர் போட்டா எல்லாரும் சேந்து தேடறாங்க" என்றார்.

அவர் போட்ட புதிர்கள் ஒரு தனி வகை. விளையாட்டுத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளை ஆட வேண்டும். ஒரே ஒரு நகர்த்தல்தான் சரி. அதை ஆடினால் அடுத்த நகர்த்தலில் கறுப்பு ராஜாவுக்கு மேட், அதாவது தப்ப வழியில்லாத தோல்வி. வேறு எதை நகர்த்தினாலும், கறுப்பு ராஜாவுக்கு ஆபத்தும் இல்லை, கறுப்புக் காய் எதுவும் நகர இடமும் இல்லை. அதற்கு ஸ்டேல்மேட் என்று பெயர். வெற்றி தோல்வி இல்லாமல் ஆட்டம் அப்படியே முடிந்துவிடும். ஸ்டேல்மேட் ஆக்கும் நகர்த்தல்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அருமையான புதிர். அந்த எண்ணிக்கையில் அண்ணனின் புதிர் ஒன்று, அதுவரை அறிந்ததிலேயே அதிகம் என்று ஒரு சதுரங்க இதழில் அச்சாகி வந்தது. அந்த இதழை அவர் சங்கத்தில் யாரிடமும் காட்டவில்லை. நான்தான் காட்டினேன்.

சங்கத்தில் உடன் வேலை செய்தவர் சும்மா இருப்பாரா? "யோவ், ராஜாவ நகர வுடாம நிக்க வெச்சிட்ட, சரி. நீ எப்பய்யா நகரப் போற? பொண்ணு வூட்ல கேட்டு மூணு மாசம் ஆவுது!" என்றார்.

"எனுக்கும் ஸ்டேல்மேட்டுதாங்க. நகர எடம் இல்ல, ஆனா ஆபத்தும் இல்ல" என்று அண்ணன் சிரித்தார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

இரண்டு ஆண்டுகளில் வெளிநாட்டவர் ஒருவர் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார். அவசரத்தில் அண்ணன் இன்னொரு புதிர் அனுப்பினார், அதுவும் அச்சானது. ஆனால் விதிப்படி ஆடினால் அந்த நிலை உண்மையான ஆட்டத்தில் வந்து சேரவே முடியாது, ஆகவே புதிர் செல்லாது என்று ஒரு வாசகர் நிரூபித்து எழுதினார். அண்ணன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டு அஞ்சலட்டை எழுதினார். "தப்பா ஒண்ணு அனுப்பறதுக்கு அனுப்பாமலே இருக்கலாம்" என்று அன்று என்னிடம் சொன்னார். அதன் பிறகு பல ஆண்டுகள் எதையும் அனுப்பவில்லை. வேலை முடிந்து வந்ததும் பலகை முன் உட்காருவார், அவ்வளவுதான்.

அவர் பலகையைப் பார்க்காதவர்களுக்கு என் கேள்வி புரியாது. ராஜா, ராணி, யானை, குதிரையெல்லாம் மரக் காய்கள். சிப்பாய்களுக்குப் புளியங்கொட்டை. தாயம் ஆட எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்குவோம் அல்லவா, அதே கொட்டைதான். வெள்ளைப் பக்கம் மேலே இருந்தால் வெள்ளைச் சிப்பாய், புரட்டினால் கறுப்பு. நிறத்தை மாற்றிப் பார்க்க அது அவருக்கு வசதியாக இருந்தது.

சென்ற ஆண்டு அவருக்குக் காலும் வயிறும் வீங்கின. சந்தவாசலில் என் புகுந்த வீட்டிலிருந்து, ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்துக்கொள்ள மலைக்கு வந்தேன். கீழே பெரிய மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுபோன காலையில், கட்டிலில் படுத்தபடியே பலகையைக் காட்டினார். "முடிஞ்சிடுச்சும்மா. எழுதி வெக்கத்தான் தெம்பு இல்ல. அதுல கை வெக்காத." பெரியம்மா மகன் அவருடன் போனார். கைக்குழந்தையுடன் நான் வீட்டில் தங்கினேன்.

மூன்றாம் நாள் நான் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வாய் மூடியிருக்கிறது, கன்னம் உப்பியிருக்கிறது. ஓடிப் போய் விரலை விட்டு எடுத்தேன். புளியங்கொட்டை! தொண்டையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அவளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன். பிறகுதான் பலகையைப் பார்த்தேன். வேறு எதுவும் அசையவில்லை. ஒரே ஒரு கட்டம் காலி.

எச்சிலைத் துடைத்துக் கொட்டையை அந்தக் கட்டத்தில் வைத்தேன், வெள்ளைப் பக்கம் மேலே. கொஞ்ச நேரத்தில், இல்லை, கறுப்பாகத்தான் இருந்தது என்று தோன்றிப் புரட்டினேன். பொழுது சாய்வதற்குள் மறுபடியும் புரட்டினேன். முதலில் எனக்கு நிச்சயமாக என்ன நினைவு இருந்தது என்பதும் அந்தப் புரட்டலில் போய்விட்டது.

அடுத்த வாரம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"பலகை எப்டி கீது?"

"அப்டியே கீதுண்ணா."

"பாப்பா கை வெக்கலியே?"

"இல்லண்ணா. நான் பாத்துக்கினுதான் கீறேன்."

"அப்போ அதப் பாத்து எழுதி அனுப்பிடு. இந்தத் தடவ தப்பு இருக்காது."

அப்போதே கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அந்த நிலையில் அவரைக் கலங்கவைக்கக் கூடாது என்று நினைத்தேன். அல்லது, அவர் எனக்குக் கொடுத்த ஒரே வேலையை நான் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டேனோ என்னவோ. இரண்டு நாளில் அவர் போய்விட்டார். என் கணவரையும் பள்ளி ஆசிரியரையும் தவிர மற்றவர்களிடம் இதை நான் சொல்வது இதுவே முதல் முறை.

அவர் புதிர்களை வரைந்து பார்க்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அந்தக் கட்டத்தை மட்டும் பலமுறை அழித்து எழுதியதில் தாளே கிழிந்திருக்கிறது. பள்ளி ஆசிரியரும் நானும் பலகையில் எண்ணிப் பார்த்தோம். கறுப்பு என்றால் புதிர் சரியாக இருக்கிறது, வெளிநாட்டவரின் எண்ணிக்கைக்குச் சமமாக வருகிறது. வெள்ளை என்றால் அந்தச் சிப்பாயே நகர்ந்து இன்னொரு ஸ்டேல்மேட்டைத் தருகிறது. ஒன்று கூடுதல், அண்ணன் மீண்டும் முதலிடம். ஆனால் அப்படி ஒரு நிலை உண்மையான ஆட்டத்தில் வந்து சேருமா? ஒருமுறை எண்ணினால் சேரும் என்று வருகிறது, மறுமுறை எண்ணினால் சேராது என்று வருகிறது.

"வெள்ளைன்னு எழுதி அனுப்பு. மச்சான் பேரு நிக்கும். யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்கிறார் என் கணவர். அன்பினால்தான் சொல்கிறார். ஆசிரியர் இரண்டையும் அனுப்பச் சொல்கிறார். ஆனால் அண்ணன் வைத்தது ஒன்றைத்தானே?

அண்ணனைக் கட்டிலோடு பஸ் வரை சுமந்து வந்த நால்வருக்கும், உடன் இருந்து கவனித்த பெரியம்மா மகனுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அவர் போன அன்று எடை போடாமல் தராசை மூடி வைத்த சங்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கை கூப்பி நன்றி சொல்கிறேன்.

இந்த மலர் அண்ணனோடு அஞ்சலட்டையில் புதிர் பேசிய நண்பர்களுக்கும் வரும். கடைசி மாதங்களில் உங்களில் யாருக்காவது இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாரா? எழுதவில்லை என்றாலும், அவரை அறிந்தவர்கள் ஆலோசனை சொல்லுங்கள். அவர் பெயர் முதலிடத்தில் நிற்பதற்காக வெள்ளை என்று எழுதலாமா? பிழை வராமல் இருக்கக் கறுப்பு என்று எழுதலாமா? அனுப்பாமலே இருந்துவிடலாமா? இதழுக்கு அனுப்பும் தாளில் அறுபத்து மூன்று கட்டங்களை வரைந்து முடித்துவிட்டேன். மீதி ஒன்றில் நான் என்ன போட வேண்டும்?