எதிரணிக்குச் சொன்ன ஆமென்

கோவில்பட்டி வீட்டுக்கூட்டங்களில் என் குரலைக் கேட்டிருப்பீர்கள். ஜெபிக்கத் தொடங்கினால் மூச்சு விடாதவள் நான். அந்த வாய்தான் போன ஆவணியில் அடைத்துப்போனது.

நாற்பத்தைந்து வயதில் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்குள் மட்டும் நிறைந்த தீப்பெட்டி போல ஏதோ குலுங்கிக்கொண்டே இருந்தது. தினமும் ரயிலில் திருநெல்வேலி. விவாத அணிக்கு ஆள் கேட்டார்கள், கை தானாக உயர்ந்தது. பேச வேண்டியது ஆங்கிலத்தில் என்பது கை உயர்ந்த பிறகுதான் உறைத்தது. எனக்கு ஜோடி விஜி. விளாத்திகுளம் பக்கத்துப் பெண், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், என் மூத்த மகளின் வயது.

முதல் போட்டி. எதிரணிப் பெண் எழுந்தாள். ஆங்கிலம் ஆலங்கட்டி மழையாகக் கொட்டியது. பாதிகூடப் புரியவில்லை. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே எழுப்புதல் கூட்டப் பிரசங்கம். உச்சத்தில் ஏறி, சட்டென்று நிறுத்தினாள். அந்த இடைவெளியில், எத்தனையோ வருடப் பழக்கம், கண்ணை மூடி உரக்க "ஆமென்" என்றேன்.

அரங்கமே சிரித்தது. நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அடுத்துப் பேச வேண்டியவள் நான். எழுந்தேன். மனப்பாடம் செய்திருந்த பெரிய பெரிய வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

"யக்கா, நம்மள தோக்கடிக்கதுக்கு அவ ஒருத்தி போதாதா? நீங்க வேற ஆமென் போடணுமா?" என்று வெளியே வந்ததும் கேட்டாள் விஜி.

இன்னொரு முறை இப்படி ஆனால் அணியில் எங்கள் இடம் வேறு ஜோடிக்கு என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். என்னால் அந்தப் பிள்ளையின் இடமும் போகும். அதுதான் தாங்கவில்லை. ரயில் கடம்பூரைத் தாண்டியது. ஜன்னலுக்கு வெளியே கரிசல் வெடித்து வாய் பிளந்து கிடந்தது. என் நெஞ்சும் அப்படித்தான். அழகான ஜெபம் எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, ஒரு வாய் தாரும். இல்லாவிட்டால் இந்த ஆசையைப் பிடுங்கிப் போடும்." அவ்வளவுதான் ஜெபித்தேன்.

ஐப்பசியில் மதுரையில் போட்டி. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு முந்தின நாளே தனி வகுப்பு என்று அழைப்பில் இருந்தது. ஓடினோம். வகுப்பு எடுத்த லீனா மேகாலயாக்காரி. அவளுக்கும் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்ததுதான். உச்சரிப்புக்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று நடுவர்களுக்கு விதியே இருக்கிறதாம். புரியாவிட்டால் கையை உயர்த்தித் திரும்பச் சொல்லக் கேட்கலாமாம். கேட்கலாமாம்! கர்த்தரிடம் எதையும் கேட்கிற நான் மனிதரிடம் இதைக் கேட்க வெட்கப்பட்டிருக்கிறேன். ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்து போதும், ஜோடி விட்ட இடத்தைப் பிடித்துத் தொடங்குங்கள் என்றாள் லீனா.

"ஏட்டி, இது எங்க சங்கிலி ஜெபம்லா" என்று விஜியின் கையைப் பிடித்தேன். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுப்போம். நீட்டி முழக்கினால் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பார். அன்று மாலை அப்படியே பழகினோம். நான் நீட்டும்போதெல்லாம் விஜி இடித்தாள். பழைய கோபத்தையும் சேர்த்தே இடித்தாள்.

மறுநாள், ஆலைகளில் வேலை நேரத்தைக் கூட்டலாமா என்பது தலைப்பு. கூடாது என்பது எங்கள் பக்கம். எதிரணி வேகமாக ஒரு கேள்வி எறிந்தது. கையை உயர்த்தினேன். மெதுவாகத் திரும்பச் சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் புரிந்தது! விஜியின் கடைசி வாக்கியத்தைப் பற்றிக்கொண்டு தொடங்கினேன். நூற்பாலை ஷிப்ட் முடிந்து, பஸ் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கும் என் தங்கையைச் சொன்னேன். சின்னச் சின்ன வாக்கியங்கள், உழுத ஈரச்சாலில் விதை விழுவது போல. முடித்து உட்கார்ந்தேன்.

பெருமாளைக் கும்பிடுகிற வீட்டுப் பெண் விஜி, என் பக்கத்திலிருந்து மெல்லச் சொன்னாள்: "ஆமென்."

ஜெயித்தோம். எங்கள் இடம் எங்களுக்கே. ஸ்தோத்திரம் சொல்லிச் சொல்லி என் நாக்கு இன்னும் ஓயவில்லை. இப்போது வகுப்பிலும் கோர்ட் வாசலிலும் புரியாததைக் கூசாமல் கேட்கிறேன். புரியாத பாஷையில் வாழ்க்கை உங்களை விரட்டுகிறதா, பிரியமானவர்களே? அவருக்கு முன்பாகக் கையை உயர்த்துங்கள். மெதுவாகத் திரும்பச் சொல்வார்.