சாம்பார் நாள் இருமல்

எனக்கு யார் மீதும் லேசில் நம்பிக்கை வராது. முப்பது வருடங்களுக்கு மேல் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கெமிக்கல் ஸ்டோரைக் கவனித்துக்கொண்டவன் நான். வந்து இறங்கும் மூட்டை ஒவ்வொன்றையும் தராசில் ஏற்றிப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். லாரிக்காரர் என்னைப் பார்த்து அளவுக்கு மேல் சிரித்தால் மூட்டையில் எடை கம்மி என்று எடுத்துக்கொள்வேன். பாதி நாள் அது சரியாகவே இருந்தது. அதனால் அந்தக் குணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

அந்த ஸ்டோர் இன்னும் இரண்டைக் கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பியது. ஒன்று, நாள்பட்ட நுரையீரல் நோய். காலையும் மாலையும் இன்ஹேலர் இழுத்தால்தான் மாடிப்படி ஏற முடியும். இன்னொன்று, செத்துப்போன மூக்கு. பச்சைத் தோலையும் பவுடர் மூட்டைகளையும் அத்தனை வருடம் மோந்த பிறகு எனக்கு மல்லிகைப்பூவும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

ஓய்வு பெற்று மதியச் சாப்பாட்டை வீட்டில் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் இருமலில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. சாதாரண இருமல் எப்போதும் உண்டு, அதை நான் கணக்கில் வைப்பதில்லை. இது வேறு. நாலு வாய் சோறு உள்ளே போகும். தொண்டையை யாரோ விரலால் பிடிப்பது போல இருக்கும். பிறகு நெஞ்சு இறுகி, கண்ணில் நீர் வழிந்து, தட்டைத் தள்ளிவிட்டு இன்ஹேலரைத் தேடுவேன். என் மனைவி அப்படியே எழுந்து வந்து முதுகைத் தடவிக்கொண்டு நிற்பாள். இருமல் அடங்குவதற்குள் இரண்டு பேர் சோறும் ஆறிப்போயிருக்கும்.

வேலூரில் எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். சின்ன வயது, பொறுமைசாலி. "நுரையீரல் இப்படி இருக்கிறவங்களுக்குச் சில சாப்பாடு இருமலைக் கிளப்பும்யா. சில பேருக்கு எண்ணெய்ப் பலகாரம், சில பேருக்கு ஐஸ் போட்டது, கேஸ் அடைச்ச கூல்டிரிங்க்ஸ், புளிப்பு, காரம். வயிறு முட்டச் சாப்பிட்டாலே மூச்சு முட்டும். எல்லாத்தையும் நிறுத்த வேணாம். உங்களுக்கு எது ஒத்துக்கலைன்னு பார்த்து எழுதிட்டு வாங்க" என்றார்.

சந்தேகப்படுவதையே பிழைப்பாக வைத்திருந்தவனிடம் இந்த வேலையை ஒப்படைத்திருக்கக் கூடாது. அன்று முதல் எங்கள் வீட்டு அடுப்படி என் காவலின் கீழ் வந்தது. தினம் கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம், சாப்பிட்டதையும் இருமியதையும் எழுதினேன். முதலில் மாட்டியது சோடா. அது உண்மையான குற்றவாளிதான், நிறுத்தியதும் ஏப்பமும் குறைந்தது, இருமலும் கொஞ்சம் குறைந்தது. அடுத்து சாயங்கால பஜ்ஜி. அதுவும் உண்மை. இரண்டு கேஸை முடித்த தெம்பில் மற்ற எல்லாவற்றையும் விசாரணைக்கு இழுத்தேன். தயிர், வாழைப்பழம், ஆற்காட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்த மக்கன் பேடா எல்லாம் வந்து நின்றன. பேடா மீது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, என் மனைவி ஒளித்து வைத்ததால் சந்தேகம் வந்தது. என் சர்க்கரைக்குப் பயந்து ஒளித்தாளாம்.

பெரிய இருமல் மட்டும் பிடிபடவில்லை. தாள்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். திங்கள், புதன், வெள்ளி, மூன்றும் மதியம். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் சாம்பார். புளியை நிறுத்தச் சொன்னேன். தக்காளி போட்டாள், இருமினேன். மிளகாயைக் குறைத்தாள், இருமினேன். பெருங்காயம் போயிற்று, கடுகு தாளிப்பது போயிற்று. கடைசியில் மஞ்சள் தண்ணீரில் பருப்பு மிதந்தது. அதற்கும் இருமினேன்.

"இன்னாமே போட்ட இதுல?" என்று கேட்டேன்.

"இன்னா போட்டேன்? போட்டதெல்லாம் நீங்கதான் எடுக்கச் சொல்லிட்டீங்களே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கடைக்குப் போனேன். எண்ணெய் மிதக்கும் பிரியாணி, புளிப்பும் காரமுமாகக் கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி. டாக்டரம்மா சொன்ன பட்டியலில் பாதி ஒரே இலையில் இருந்தது. பயந்து பயந்து அரை வயிறு சாப்பிட்டேன். நெஞ்சு கொஞ்சம் கனத்ததே தவிர அந்தப் பெரிய இருமல் வரவே இல்லை. மறுநாள் திங்கட்கிழமை, உப்புச் சப்பில்லாத சாம்பார், தொட்டுக்கொள்ளப் பொரித்த உருளைக்கிழங்கு வற்றல். நாலாவது வாயில் தட்டைத் தள்ளினேன். கடைக்காரன் கொட்டிய காரத்துக்கு வராத இருமல் வீட்டில் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும் சாம்பாருக்கு ஏன் வருகிறது? அப்படியானால் குற்றம் சாப்பாட்டில் இல்லை, அதைச் செய்கிற கையில் என்று முடிவு கட்டினேன். இதை எழுதவே இப்போது கூசுகிறது. அன்று கூசவில்லை.

டேனரியில் தோல் சுழற்றும் டிரம் ஓட்டிய என் தோஸ்திடம் இதைச் சொன்னேன். அவன் குரலைத் தாழ்த்தி, "உனுக்கு யாரோ மருந்து வச்சிட்டாங்க. வீட்டுச் சோறுன்னா இருமுற, வெளிய துன்னா ஒண்ணும் ஆவல. இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றான்.

எங்கள் பக்கத்தில் இந்த நம்பிக்கை நிறையப் பேருக்கு உண்டு. வேண்டாதவர்களோ வேண்டியவர்களோ சோற்றில் எதையாவது கலந்து கொடுத்துவிடுவார்கள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்பார்கள். அதை எடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த ஓர் அம்மாவிடம் தோஸ்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அந்த அம்மா என் தொப்புளுக்கு மேல் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, வெற்றிலையில் கறுப்பாக ஒரு உருண்டையைத் துப்பினார். முடியும் களிம்பும் சேர்ந்தது போல இருந்தது. அதைக் குச்சியால் கிளறிக்கொண்டே கேட்டார்.

"வீட்ல யார் கையால சாப்பிடற?"

"பொண்டாட்டி கையாலதான்" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லாததை நானே இட்டு நிரப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

இது எப்படியும் வெளியே வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோஸ்து தன் வீட்டில் சொல்ல, அவன் வீட்டம்மா தண்ணி பிடிக்கிற இடத்தில் சொல்ல, மூன்றாம் நாள் என் மனைவி காதுக்கு வந்துவிட்டது. அவள் எனக்கு ஒரு சின்னக் குக்கர், ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று தனியாக எடுத்து வைத்தாள்.

"முப்பத்தாறு வருஷம் என் கையால துன்னீங்க. இனிமே நீங்களே பொங்கிக்கோங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ஊர் என்னைத்தான் கேக்கும்."

அதற்குப் பிறகு நான் ஹாலில் சாப்பிட்டேன், அவள் அடுப்படியில் சாப்பிட்டாள். டி.வி. ஓடும். இரண்டு தட்டுச் சத்தமும் தனித்தனியாகக் கேட்கும். எனக்கு அவளை வெறுக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. முதுகைத் தடவ ஆள் இல்லாமல் இருமுவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் சில நாள் கஞ்சி. அந்தப் பெரிய இருமல் இல்லை. பார்த்தாயா என்று மனதுக்குள் அவளைக் கேட்டேன். ஆனால் வெறும் கஞ்சியை எத்தனை நாள் குடிப்பது? மேல் தட்டில் டின் நிறைய உருளைக்கிழங்கு வற்றல் இருந்தது. கோடையில் மொட்டைமாடியில் காயவைத்து வருடம் முழுக்க வைத்துக்கொள்வோம். ஒரு கை எடுத்து நானே எண்ணெயில் போட்டேன். வாணலிக்கு மேல் குனிந்திருந்தபோதே பிடித்துக்கொண்டது. வாழ்நாளில் அப்படி இருமியது இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அடுப்பை அணைத்து, இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தியது அவள்தான்.

"ஜன்னலத் தொறக்காம பொரிச்சா இப்படித்தான். வத்தல் பொரிச்சாலே தீக்குச்சி கொளுத்தின வாடை வருதுன்னு எத்தினி வாட்டி சொல்லிருக்கேன்" என்றாள்.

முன்பு அதைச் சொன்னபோதெல்லாம் எண்ணெய் பழசு என்று அவள் வாயை அடைத்திருக்கிறேன். அன்று அதற்கும் மூச்சு இல்லை. மூச்சு வந்ததும் முதலில் யோசித்தது, டின்னில் அவள் எதையாவது கலந்திருப்பாளோ என்பதைத்தான். என் புத்தி அப்படி.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தனியாக அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது, பஸ்ஸில் எனக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்து வந்தாள். வீட்டில் இருந்த ஊறுகாய், மிளகாய்த்தூள், பக்கத்து வீட்டு பாய் நோன்புப் பெருநாளுக்குக் கொடுத்த உலர்பழப் பாக்கெட், வற்றல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். சாட்சியங்களை மேஜை மீது வரிசையாக வைத்தேன். காலண்டர் தாள்களையும் கட்டாக வைத்தேன். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்கக் கஷ்டமாக இருந்தது.

உலர்பழப் பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். "இதுல 223ன்னு போட்டிருக்கு பாருங்க. கெடாம, கறுக்காம இருக்கப் போடற பவுடர். 220லேர்ந்து 228 வரைக்கும் இந்த வகைதான். உங்கள மாதிரி சில பேருக்கு இது தொண்டைக்குப் போனதும் மூச்சுக்குழாய் சுருங்கிடும். கடையில வாங்கினா இந்த நம்பர் இருக்கான்னு பாருங்க."

"பேர் இன்னா டாக்டர் அதுக்கு?"

"சோடியம் மெட்டாபைசல்பைட்."

எனக்கு ஒரே சந்தோஷம். அது என் ஸ்டோர் சரக்கு. கறுத்த தோலை வெளுக்க வைக்கிற பவுடர், நாங்கள் மெட்டா என்போம், எத்தனையோ மூட்டை நிறுத்துக் கொடுத்திருக்கிறேன். குற்றவாளி கடைசியில் எனக்குத் தெரிந்தவனாகவே இருக்கிறான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குள் டாக்டரம்மா வற்றல் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது வீட்ல போட்டதா? உருளைக்கிழங்கு காஞ்சா கறுத்துப் போவுமே. எப்படி இவ்ளோ வெள்ளையா இருக்கு?"

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று நான் வருடக்கணக்காகக் காத்திருந்தேன். "அதுவா டாக்டர், அது என்னோட ஐடியா" என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை.

டேனரியில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோவது எங்கள் ஊர் வழக்கம். பாத்ரூம் கழுவ ஆசிட், பாத்திரம் தேய்க்கத் தோல் துண்டு. நான் ஸ்டோர்காரன், எது எதை வெளுக்கும் என்று தெரிந்தவன். தோலையே வெளுக்கிற பவுடர் கிழங்கை வெளுக்காதா என்று தோன்றியது. கெமிக்கல் விற்க வருகிறவர் ஒருநாள், ஜூஸிலும் இதைத்தான் போடுகிறார்கள் என்று சொன்னதும் துணிந்துவிட்டேன். பிறகு ஆறிய வெந்நீரில் கலந்து, அதில் சீவிய கிழங்கை ஊறவைக்கச் சொல்லிக்கொடுத்தேன். டேனரிக் கழிவுநீருக்கும் தோலுக்கும் போகிற சரக்கு அது, தின்பதற்கு வருவது அல்ல என்று எனக்கு உறைக்கவே இல்லை. அவள் சொன்ன தீக்குச்சி வாடையும் அந்தப் பவுடருடையதுதான், என் செத்த மூக்குக்குத் தெரியவில்லை. தெருவில் எங்கள் வீட்டு வற்றல்தான் வெள்ளை. வேலைக்குப் போன வருடங்களில் மதியம் கேரியர் சோறு, அதில் வற்றல் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து சாம்பாருக்குத் தொட்டுக்கொள்ள ஆரம்பித்தது ஓய்வுக்குப் பிறகுதான். காலண்டர் தாள்களில் எல்லாவற்றையும் எழுதிய நான் வற்றலை ஒரு நாளும் எழுதவில்லை. தொட்டுக்கொள்வதைச் சாப்பாடாக நினைக்கவில்லை.

நிறுத்திய இடத்திலிருந்து என் மனைவிதான் சொன்னாள்.

"இவுருதான் பவுடர் கொண்டாந்து குடுத்தாரு டாக்டர். வருஷா வருஷம் ஒரு ஸ்பூன். வெளுப்பு பத்தலன்னு போன வருஷம் ரெண்டா போடச் சொன்னாரு."

டாக்டரம்மா என்னைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். பவுடரையும் வற்றலையும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், எதற்கும் மறுபடி வந்து காட்ட வேண்டும் என்றார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போது குத்திக் காட்டப்போகிறாள் என்று வேலூர் தாண்டியும் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் பரண் மீதிருந்து பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கி என் முன்னால் வைத்தாள். மூடியில் என் கையெழுத்தில், கொட்டை எழுத்தில், 'கிழங்கு பவுடர்' என்று இருந்தது.

"இப்ப போய் அந்த அம்மாவக் கேளுங்க. யார் வச்சாங்கன்னு" என்றாள். குரல் உடைந்துவிட்டது. இத்தனை நாளில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

"தப்பு பண்ணிட்டேன். உன்னை அப்படி நெனச்சிருக்கக் கூடாது" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அவள் சமாதானமாகிவிடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் ஹாலில் என் குக்கரைத் தேடினேன், காணவில்லை. அடுப்படித் தரையில் இரண்டு தட்டு இருந்தது. புளியும் பெருங்காயமும் போட்ட நிஜமான சாம்பார், பொரித்த வற்றலுக்குப் பதில் பீன்ஸ் பொரியல். நாலு வாய் போயிற்று. ஐந்தாவது போயிற்று. எட்டாவது வாயில் நெஞ்சிலிருந்து என் பழைய சாதாரண இருமல் வந்தது. அவள் கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் விட்டாள். சாம்பாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது பயம். அதை அங்கே வைத்தவன் நான்.

தண்ணீர் குடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"இது உன்னுது இல்ல. இது என்னுது. நீ சாப்பிடு."